இன்றைய பிரிட்டிஷ் க்ரைம் நாவலும் மற்ற நாவல்களும்: யாருக்கு எதைக் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறையப் படிக்கும் ஒருவர் "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதற்கான பக்கம் இது. இங்கே பேசப்படுபவை கடந்த நாற்பது ஆண்டுகளில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து எழுத்தாளர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை. கதை முடிச்சுகளை அவிழ்க்காமல்தான் எழுதியிருக்கிறோம். ஒரே ஓரிடத்தில் அவிழ்க்க வேண்டியிருக்கிறது, அங்கே முன்கூட்டியே எச்சரித்திருக்கிறோம்.

பரிந்துரைக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டுப் பெரிய பயன் இல்லை. நிறையப் படிப்பவர் அந்த எழுத்தாளரைப் போன்ற எல்லோரையும் ஏற்கெனவே தேடிப் படித்திருப்பார். கடைசியாகப் பாதியில் மூடிவைத்த நாவல் எது, எந்த இடத்தில் மூடினார், ஏன் என்று கேளுங்கள். "ஐம்பது பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை" என்பவருக்கும், "ஆட்கள் அதிகம், யார் யாரென்று பிடிபடவில்லை" என்பவருக்கும், "கடைசியில் விடையே சொல்லவில்லை" என்பவருக்கும் கொடுக்க வேண்டிய நூல்கள் வேறுவேறு.

அடுத்து, எதைத் தாங்க முடியாது என்று கேளுங்கள். குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, சித்திரவதை, குடிநோய் இந்த மூன்றையும் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் பரவாயில்லை" என்பார்கள், பிறகு நூலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கடைசியாக, பத்து நூல் கொண்ட தொடருக்குப் பொறுமை உண்டா, ஒரே நூலில் முடிய வேண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

க்ரைம் வாசகருக்கு ஒரு பட்டியல், இலக்கிய வாசகருக்கு இன்னொன்று என்று பிரித்து வைக்கலாமா?

வேண்டாம். கடைக்காரர் அலமாரியைப் பிரித்தே ஆக வேண்டும், பரிந்துரைப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எடின்பரோ துப்பறியும் அதிகாரி ரீபஸை நாயகனாகக் கொண்ட இயன் ரேங்கினின் முதல் நாவலான 'நாட்ஸ் அண்ட் கிராஸஸ்' 1987இல் வந்தது. அதை க்ரைம் அலமாரியில் பார்த்து அவரே திகைத்ததாகச் சொல்லியிருக்கிறார். ஸ்டீவன்சனின் ஜெகில்–ஹைடு கதையை இன்றைய எடின்பரோவுக்குக் கொண்டுவருவதாகத்தான் அவர் எண்ணியிருந்தார். மறுபக்கம், இலக்கியப் பரிசுப் பட்டியல்களில் வரும் பல பிரிட்டிஷ் நாவல்கள் ஒரு பிணத்தோடோ காணாமல்போன ஒருவரோடோதான் தொடங்குகின்றன.

ஊர், வேகம், கதை சொல்லும் குரல் இந்த மூன்றும் ஒத்துப்போனால் வகை தானாக ஒத்துப்போகும். இதைவிட முக்கியமானது எந்த நூலில் தொடங்குவது என்பது. நல்ல எழுத்தாளரைத் தப்பான நூலில் தொடங்கி, வாழ்நாள் முழுக்க அவரை ஒதுக்கிவைத்தவர்கள் நிறையப் பேர்.

தொடர்களை முதல் நூலிலிருந்துதான் படிக்க வேண்டுமா?

தொடருக்குத் தொடர் பதில் மாறும்.

ரீபஸ்: முதல் நூல் கட்டாயமில்லை. ரேங்கின் அப்போது ரீபஸைத் தொடராக நினைக்கவில்லை, நூலிலும் அது தெரியும். 1993இல் வந்த 'தி பிளாக் புக்' நல்ல வாசல், ரீபஸின் இளைய சக அதிகாரி ஷிவோன் கிளார்க் அறிமுகமாவது அதில்தான். அவசரக்காரருக்கு நேராக எட்டாவது நூலான 'பிளாக் அண்ட் ப்ளூ'வைக் கொடுக்கலாம். 1997இல் வந்து, க்ரைம் எழுத்தாளர் சங்கத்தின் கோல்ட் டேகர் பரிசு பெற்றது. 1960களின் இறுதியில் கிளாஸ்கோவை உலுக்கிய, இன்றுவரை பிடிபடாத 'பைபிள் ஜான்' கொலைகள் அதில் நிழலாக வருகின்றன. ஆனால் அதில் நான்கு வழக்குகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, ஆட்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டே படிக்கச் சொல்லுங்கள். ரீபஸுக்கு நிஜ உலகக் கணக்கில் வயதாகிக்கொண்டே போகும். 2007இன் 'எக்ஸிட் மியூசிக்'கில் 60 வயதில் ஓய்வு பெறுகிறார், 2012இல் திரும்பி வருகிறார். அதனால் எங்கே தொடங்கினாலும் அங்கிருந்து முன்னோக்கியே போக வேண்டும்.

மிக் ஹெரானின் ஸ்லௌ ஹவுஸ் தொடர்: வரிசை கட்டாயம், விதிவிலக்கே இல்லை. தவறு செய்த உளவாளிகளை ஒதுக்கிவைக்கும் பாழடைந்த அலுவலகம், லண்டன் பார்பிகன் நிலையத்துக்குப் பக்கத்தில். இதில் முக்கியமானவர்கள் செத்துப்போவார்கள், அடுத்த நூலின் முதல் பக்கங்களிலேயே யார் இல்லை என்பது தெரிந்துவிடும். 2010இன் 'ஸ்லோ ஹார்சஸ்' முதல் நூல். அதன் தொடக்க அத்தியாயம் ரயில் நிலையத்தில் அதிவேகமாக ஓடும், அதற்குப் பிறகு வேகம் சட்டென்று இறங்கி அந்தக் கட்டடத்தின் அழுக்கையும் ஆட்களின் கசப்பையும் நிதானமாகக் காட்டும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். நூறு பக்கம் தாண்டும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

ஆன் கிளீவ்ஸின் ஷெட்லாந்து தொடர்: 2006இன் 'ரேவன் பிளாக்'கில் தொடங்கி எட்டு நூல்கள், 2018இல் முடிகிறது. முதல் நான்கையும் ஒரே மூச்சாக எண்ணிக் கொடுங்கள். நான்காவது நூலான 'ப்ளூ லைட்னிங்' முடிவில் நடப்பது, ஐந்தாவதைக் கையில் எடுத்தவுடன் தெரிந்துவிடும். இதே ஆசிரியர் வேரா ஸ்டான்ஹோப் என்ற பெண் துப்பறியும் அதிகாரியை வைத்து எழுதிய தொடரில் சிக்கல் வேறு மாதிரி. முதல் நூலான 'தி க்ரோ டிராப்'பில் (1999) வேரா வெகுநேரம் கழித்துத்தான் கதையைக் கையில் எடுக்கிறார். வேராவுக்காக வந்தவர் ஏமாந்துபோவார். அவருக்கு மூன்றாவதான 'ஹிட்டன் டெப்த்ஸ்' (2007) பொருத்தம்.

வால் மெக்டர்மிட்: காவல்துறைப் பெண் அதிகாரி கேரன் பைரி வரும் தொடரின் முதல் நூல் 'தி டிஸ்டன்ட் எக்கோ' (2003). 1978இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பனியில் சாகக் கிடக்கும் ஒரு பெண்ணைக் கண்டெடுக்கும் நான்கு மாணவர்களின் கதை. கேரனுக்கு அதில் சிறிய பங்குதான், ஆனால் நாவல் அருமை, தாராளமாகத் தொடங்கலாம். இதே ஆசிரியர் உளவியலாளர் டோனி ஹில்லை வைத்து எழுதிய தொடரை மட்டும் கேட்காமல் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். 1995இன் 'தி மெர்மெய்ட்ஸ் சிங்கிங்' சித்திரவதையைக் கண்முன் நிறுத்தும் நாவல்.

தொலைக்காட்சியில் பார்த்துவிட்டார். நாவலை எங்கே தொடங்குவது?

'ஸ்லோ ஹார்சஸ்' தொடரின் முதல் ஐந்து பருவங்கள் முதல் ஐந்து நாவல்களை அதே வரிசையில் பின்பற்றுகின்றன. எல்லாம் பார்த்தவர் ஆறாவதான 'ஜோ கன்ட்ரி'யில் (2019) சேர்ந்துகொள்ளலாம். ஆனாலும் முதல் நூலைப் படிக்கச் சொல்வதே எங்கள் விருப்பம், ஹெரானின் கதைசொல்லிக் குரல் திரையில் வராது.

'ஷெட்லாந்து' வேறு கதை. 2013இல் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது மூன்றாவது நாவலான 'ரெட் போன்ஸ்', பிற்காலப் பருவங்களின் கதைகள் நாவல்களிலேயே இல்லை. நாவலில் துப்பறியும் அதிகாரியான ஜிம்மி பெரஸ் கறுத்த முடிக்காரர், ஸ்பானிய வம்சாவளி என்று ஊர் பேசும் ஃபேர் ஐல் தீவுக்காரர். திரை முகத்தை மனத்தில் வைத்துப் படித்தால் இந்த வேர் பிடிபடாது. அதனால் பார்த்தவராக இருந்தாலும் 'ரேவன் பிளாக்'கிலேயே தொடங்கட்டும்.

மாத நாவல் வேகத்துக்குப் பழகியவருக்கு இவை மெதுவாக இல்லையா?

மெதுவாகத்தான் இருக்கும். நூறு பக்கத்தில் முடிச்சு விழுந்து அவிழும் நாவல்களில் வளர்ந்த வாசகருக்கு 400 பக்க விசாரணை அலுப்புத் தட்டும். இவர்களுக்கு ரிச்சர்ட் ஒஸ்மானின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' (2020) சரி. கென்ட் பகுதியில் ஒரு முதியோர் குடியிருப்பு, பழைய வழக்குகளை ஆராயும் நான்கு பேர், இரண்டு மூன்று பக்கங்களில் முடியும் அத்தியாயங்கள். இரத்தமும் குறைவு. இதற்குப் பிறகு எல்லி கிரிஃபித்ஸின் 'தி க்ராஸிங் பிளேசஸ்' (2009): நார்ஃபோக் உப்புச் சதுப்பில் கிடைக்கும் எலும்புகள், எலும்புகளின் வயதைச் சொல்லும் தொல்லியலாளர் ரூத் கேலவே. பதினைந்து நூல்களோடு 2023இல் தொடர் முடிந்துவிட்டது என்பது கூடுதல் வசதி.

காவல்துறை நடைமுறை புரியவில்லை என்கிறார்களே?

சிலவற்றை முன்பே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். துப்பறியும் பிரிவின் படிகள் கீழிருந்து மேல்: டிசி, டிஎஸ், டிஐ, டிசிஐ, பிறகு சூப்பரின்டென்டன்ட். அதாவது கான்ஸ்டபிள், சார்ஜென்ட், இன்ஸ்பெக்டர், சீஃப் இன்ஸ்பெக்டர். ஓடியாடி விசாரிப்பவர் பெரும்பாலும் டிஐ அல்லது டிசிஐ. பிரிட்டனில் சாதாரணப் போலீசாரிடம் துப்பாக்கி கிடையாது, வட அயர்லாந்து மட்டும் விலக்கு. கதவைத் தட்டும் காட்சிகளில் பதற்றம் வேறு வகையில் வருவதற்கு இதுதான் காரணம்.

இங்கிலாந்து, வேல்ஸ் கதைகளில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, கைதானவரைக் குற்றம் சாட்டாமல் 24 மணி நேரம்தான் வைத்திருக்கலாம். கடுமையான குற்றமென்றால் சூப்பரின்டென்டன்ட் 36 மணிவரை நீட்டலாம், அதற்கு மேல் 96 மணிவரை மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். ஒரு நாவலில் திடீரென்று மேலதிகாரியின் கையெழுத்துக்கு ஓடுகிறார்கள் என்றால் 24 முடியப்போகிறது என்று பொருள்.

ஸ்காட்லாந்துச் சட்டம் தனி. இங்கிலாந்தில் சந்தேக மரணத்தை விசாரிக்கும் கரோனர் அங்கே கிடையாது, அதைப் பார்ப்பவர் புரோகுரேட்டர் ஃபிஸ்கல் என்னும் அரசு வழக்கறிஞர். முக்கியமான ஒவ்வொன்றையும் இரண்டு தனித்தனி ஆதாரங்கள் உறுதிசெய்ய வேண்டும். ரீபஸுக்குக் குற்றவாளி யாரென்று தெரிந்தும் கைகட்டி நிற்க வேண்டிவருவது பெரும்பாலும் இதனால்தான். ஜூரியில் 15 பேர், இங்கிலாந்தில் 12. பழைய ரீபஸ் நூல்களில் வழக்கறிஞர் இல்லாமலே ஆறு மணி நேரம் விசாரிப்பது எழுத்தாளரின் பிழை அல்ல, 2010வரை அங்கே நடைமுறையே அதுதான். எட்டுப் படைகளை இணைத்து 2013 ஏப்ரலில் போலீஸ் ஸ்காட்லாந்து உருவானது. அதற்குப் பிறகான நாவல்களில் பழைய ஆட்கள் புலம்புவது இந்த இணைப்பைப் பற்றித்தான்.

க்ரைம் மட்டுமே படிப்பவரை மற்ற நாவல்களுக்குக் கொண்டுவர எது சரி?

சாரா வாட்டர்ஸின் 'ஃபிங்கர்ஸ்மித்' (2002) முதல் தேர்வு. விக்டோரியா காலத்து லண்டன் திருடர்கள், ஒரு பணக்காரப் பெண்ணை ஏமாற்றும் திட்டம். பின்னட்டையைப் படிக்காதீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள். இதைத் தழுவிய கொரியத் திரைப்படத்தை முன்பே பார்த்திருந்தால் பாதி வலு போய்விடும்.

கிரேம் மெக்ரே பர்னெட்டின் 'ஹிஸ் பிளடி ப்ராஜெக்ட்' அடுத்தது. 1869, ஸ்காட்லாந்து மலைநாட்டுச் சிற்றூர், 17 வயதுப் பையன் மூன்று பேரைக் கொன்றதாக ஒப்புக்கொள்கிறான். வாக்குமூலம், மருத்துவர் அறிக்கை, விசாரணைப் பதிவு என்று ஆவணங்களாகவே நாவல் நகர்கிறது. உண்மை வழக்கு என்று நம்பிப் பலர் தேடிப்போகிறார்கள், அது முழுக்கப் புனைவு. 2016 புக்கர் குறும்பட்டியலுக்கு வந்த நூல்.

மூன்றாவது ஜான் மெக்ரெகரின் 'ரிசர்வாயர் 13' (2017). முடிச்சு அவிழும் இடம் இதுதான், வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம். புத்தாண்டை ஒட்டி, மலைக்கிராமத்துக்கு வந்த குடும்பத்தின் 13 வயதுப் பெண் காணாமல்போகிறாள். ஊரே திரண்டு பொட்டல் மலையில் தேடுகிறது. 13 அத்தியாயங்கள், அத்தியாயத்துக்கு ஓராண்டு. ஒவ்வோராண்டும் நள்ளிரவில் தொடங்குகிறது, நரிக்குட்டிகள் பிறக்கின்றன, கிரிக்கெட் போட்டி நடக்கிறது, திருமணங்கள் முறிகின்றன. ஒரே பத்தியில் ஆட்டுக்கிடையும் காதலும் தேடுதல் செய்தியும் இடைவெளி இல்லாமல் வரும். அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது கடைசிவரை சொல்லப்படுவதில்லை. இதைச் சொல்லாமல் ஒரு க்ரைம் வாசகரிடம் கொடுத்தால் கோபமாகத் திருப்பித் தருவார். சொல்லிக் கொடுத்தால் விடை தேடும் பழக்கத்தை விட்டுவிட்டு ஊரைப் பார்க்கத் தொடங்குவார், அப்போதுதான் இந்த நாவலின் பெருமை தெரியும். எங்களைப் பொறுத்தவரை இந்த நூற்றாண்டின் மிகச்சிறந்த ஆங்கில நாவல்களில் ஒன்று இது.

ஒரு பொறியும் உண்டு. காசுவோ இஷிகுரோவின் 'வென் வீ வேர் ஆர்ஃபன்ஸ்' (2000) நாயகன் துப்பறிவாளன் என்பதால் அதை க்ரைம் வாசகருக்குக் கொடுப்பார்கள். துப்பறிதல் அதில் நாயகனின் மனக்கோலம் மட்டுமே. இஷிகுரோவுக்கு 'நெவர் லெட் மீ கோ' (2005) நல்ல வாசல்.

"க்ரைமெல்லாம் நான் படிப்பதில்லை" என்பவருக்கு?

கேட் அட்கின்சனின் 'கேஸ் ஹிஸ்டரீஸ்' (2004). முதல் மூன்று அத்தியாயங்கள் தொடர்பில்லாத மூன்று சிறுகதைகள் போல, வெவ்வேறு ஆண்டுகளில் நடக்கும். துப்பறிவாளர் ஜாக்சன் பிரோடி நான்காவதில்தான் வருகிறார். இதைச் சொல்லிவிட்டால் குழம்ப மாட்டார்கள். குடும்ப நாவல் வாசகர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம், குழந்தை காணாமல்போவதைத் தாங்க முடியாதவர்களைத் தவிர.

டெனிஸ் மினாவின் 'தி லாங் டிராப்' (2017) இன்னும் கறாரானது. 1958இல் தூக்கிலிடப்பட்ட பீட்டர் மானுவல் என்னும் உண்மைக் கொலைகாரன், தன்னால் குடும்பத்தை இழந்தவரோடு கிளாஸ்கோவில் ஓர் இரவு முழுக்கக் குடித்த நிகழ்வைச் சுற்றிய சிறிய நாவல். யார் கொன்றது என்ற கேள்வியே இல்லாமல் மனத்தைக் கட்டிப்போடும்.

'வுல்ஃப் ஹால்' பாதியிலேயே நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

ஹிலரி மான்டெல் கதை முழுவதையும் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல்லின் கண்வழியே, நிகழ்காலத்தில் சொல்கிறார். 'அவன்' என்று வந்து யாரென்று தெரியாவிட்டால் அது க்ராம்வெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது இடங்களில் சரியாக இருக்கும். இதற்குமுன் பேசியவரைக் குறிப்பதாக எடுத்துக்கொள்வதால்தான் உரையாடல்கள் தலைகீழாகத் தெரிகின்றன. முன்பக்கத்தில் ஆட்பட்டியலும் வம்சப்படமும் இருக்கின்றன, அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். தாமஸ் என்ற பெயரில் மட்டும் ஐந்தாறு பேர் வருவார்கள். தினம் பத்துப் பக்கம் படித்தால் இந்த நாவல் கைகூடாது, முதல் நூறு பக்கங்களை ஒரு வாரக் கடைசியில் ஒரே இருப்பில் தாண்டிவிட வேண்டும். அப்படியும் முடியவில்லையென்றால் இரண்டாவது நூலான 'பிரிங் அப் தி பாடீஸ்' இன்னும் எளிது, மன்னரின் இரண்டாம் மனைவி ஆன் பொலீன் வீழ்ந்த கதை என்பதால் தனியாகவும் நிற்கும்.

ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கு தடுக்கிறதே?

வழக்கு உரையாடலில் மட்டுமா, கதைசொல்லலிலேயுமா என்று பாருங்கள். டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் 'ஷகி பெய்ன்' (2020) உரையாடலில் மட்டும் கிளாஸ்கோ வழக்கு, மீதி பொது ஆங்கிலம். முப்பது பக்கத்தில் காது பழகிவிடும். தடுப்பது மொழியைவிடத் தாயின் குடிநோயைப் பற்றிய கனம்தான், அதைச் சொல்லிக் கொடுங்கள். இர்வின் வெல்ஷின் 'டிரெயின்ஸ்பாட்டிங்' (1993) கதைசொல்லலே பெரும்பாலும் எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தின் வழக்கு. அதை ஒலிநூலோடு சேர்த்துப் படிப்பது நல்லது.

வட அயர்லாந்தும் இதில் அடக்கமா?

ஆம். டப்ளினில் எழுதும் டானா ஃப்ரெஞ்சைப் பிரிட்டிஷ் பட்டியலில் சேர்ப்பது தவறு, ஆனால் ஏட்ரியன் மெக்கின்டியின் ஷான் டஃபி தொடர் சேரும். 'தி கோல்ட் கோல்ட் கிரவுண்ட்' (2012) 1981இல் சிறையிலிருந்த ஐரிஷ் குடியரசுவாதிகள் உண்ணாவிரதம் இருந்து இறந்த நாட்களில் நடக்கிறது. டஃபி, புராட்டஸ்டன்ட்டுகள் நிறைந்த காவல்படையில் ஒரு கத்தோலிக்கர். வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு முறையும் குனிந்து அடியில், வண்டி சாய்ந்தால் வெடிக்கும் பாதரச விசைக் குண்டு இருக்கிறதா என்று பார்ப்பார். தொடர் முழுக்க இது மறக்காமல் வரும், அந்த ஊரின் நாளாந்த பயத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்தியா தொடர்பான பிரிட்டிஷ் க்ரைம்?

அபீர் முகர்ஜியின் 'எ ரைசிங் மேன்' (2016): 1919 கல்கத்தா, ஓர் ஆங்கிலேய அதிகாரியும் சுரேந்திரநாத் பானர்ஜி என்ற வங்காள சார்ஜென்ட்டும். வாசீம் கானின் 'மிட்நைட் அட் மலபார் ஹவுஸ்' (2020): சுதந்திரத்துக்குப் பிந்திய பம்பாயில் ஒரு பார்சிப் பெண் இன்ஸ்பெக்டர். வரலாற்று வாசகருக்கு முன்னது, புதிர் விரும்பிக்குப் பின்னது.

பரிசுப் பட்டியல்களை எவ்வளவு நம்பலாம்?

க்ரைமில் மூன்றைக் கவனித்தால் போதும். க்ரைம் எழுத்தாளர் சங்கத்தின் கோல்ட் டேகர் கட்டமைப்பை மதிப்பது. வட இங்கிலாந்தின் ஹாரோகேட் ஊரில் நடக்கும் க்ரைம் நாவல் விழாவில் ஜூலையில் தரப்படும் தீக்ஸ்டன் பரிசு விற்பனையும் வாசகர் ஆதரவும் உள்ள நூல்கள் பக்கம் சாயும். ஸ்காட்லாந்தின் மெக்கில்வனி பரிசு மொழிநடைக்கு இடம் கொடுக்கும். சாதாரண வாசகருக்கு வெற்றி பெற்ற நூலைவிடக் குறும்பட்டியல் பயன்படும்.

புக்கரைப் பிரிட்டிஷ் பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2014 முதல் பிரிட்டனில் வெளியாகும் எந்த நாட்டு ஆங்கில நாவலுக்கும் அது திறந்திருக்கிறது. வரலாற்று நாவலுக்கு வால்டர் ஸ்காட் பரிசு நம்பகமானது, பெரும்பகுதி குறைந்தது 60 ஆண்டுக்கு முந்திய காலத்தில் நடக்க வேண்டும் என்பது அதன் விதி. நேரமில்லாதவருக்கு, 2024இல் புக்கர் பெற்ற சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்': 136 பக்கம், ஆறு விண்வெளி வீரர்கள், ஒரே நாளில் பூமியைப் 16 முறை சுற்றுகிறார்கள். கதை நகர்வை எதிர்பார்ப்பவருக்கு மட்டும் வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது?

ஒரே நாவல் அமெரிக்காவில் வேறு பெயரில் வரும். ரேங்கினின் 'ஃப்ளெஷ்மார்க்கெட் க்ளோஸ்' அங்கே 'ஃப்ளெஷ்மார்க்கெட் ஆலி' ஆனது. இரண்டு பெயரிலும் வாங்கிவிட்டு ஏமாறுவது சாதாரணமாக நடக்கிறது, பதிப்புரிமைப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு உள்ளூர்ப் பொதுநூலக அட்டை இலவசம். பல நூலகங்களில் அதே அட்டையால் லிப்பி அல்லது பாரோபாக்ஸ் செயலியில் மின்னூலும் ஒலிநூலும் கிடைக்கும்.

வாசகர் குழுவுக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஜானிஸ் ஹாலெட்டின் 'தி அப்பீல்' (2021). ஒரு சிற்றூர் நாடகக் குழு, நோயுற்ற குழந்தைக்காக நிதி திரட்டல், ஒரு கொலை. முழுக்க மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும்தான். செத்தது யார் என்பதே வெகு பின்னால் தெரியும். அச்சுப் பிரதியே வேண்டும், தேதியையும் நேரத்தையும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்காமல் விடை கிட்டாது. ஒலிநூல் இதற்கு ஒத்துவராது. இரண்டு கூட்டங்களாகப் பிரியுங்கள். முதல் கூட்டத்துக்குப் பாதிவரை படித்து வந்து, ஒவ்வொருவரும் மூன்றைத் தாளில் எழுதி மடித்துக் கொடுக்கட்டும்: யார் சாகப்போகிறார், யார் பொய் சொல்கிறார், பேச்சில் அடிக்கடி அடிபட்டும் ஒரு மின்னஞ்சல்கூட எழுதாதவர்கள் யார். தாள்களை இரண்டாவது கூட்டத்தில்தான் பிரிக்க வேண்டும்.